டர்பன் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிறந்து வளர்ந்து, கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த ஊர். அதனால் இந்த மாதம் முழுக்க டர்பன்தான்.

கேள்வி: மதுரைக்காரன். இரண்டு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. டிசம்பரில் அப்பா, அம்மா வருகிறார்கள். நான்கு நாள் டர்பனில் தங்கவைக்க ஆசை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. டிசம்பர் சரியா?

பதில்: முடிந்தால் தேதியை மாற்றுங்கள், தம்பி. டிசம்பரில் அடிப்பது மதுரை வெயில் இல்லை, புழுக்கம். குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி வியர்க்கும். திடீரென்று மழையும் கொட்டும். உங்கள் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் பாதிப்பேர் அப்போது இங்கேதான் இருப்பார்கள். அறை வாடகையும் ஏறிவிடும்.

ஜூன், ஜூலைக்கு வரச் சொல்லுங்கள். எங்களுக்குக் குளிர்காலம் என்று பெயர்தான். பகலில் 22, 23 டிகிரி, தெளிவான வானம், மழை அபூர்வம். வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் அகுல்ஹாஸ் நீரோட்டம் கரையோரம் ஓடுவதால் கடலும் அப்போது உறைய வைக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் மத்தி மீன் ஓட்டம் பார்க்கலாம். தெற்கே ஸ்காட்பரோ, பார்க் ரைனி பக்கம் மீன் கூட்டம் கரையை ஒட்டி வரும். வலையை இழுத்ததும் வாளி, சாக்கு, கட்டியிருக்கும் துணி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே ஓடும். அன்று சாயங்காலம் தெருவெல்லாம் மீன் வறுக்கும் வாசனைதான்.

டிசம்பரை விட்டால் வழியில்லை என்றால் வெளியே போவதைக் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சாலையோரம் விற்கும் லிச்சிப் பழம் வாங்கிக் கொடுங்கள். அந்த மாதத்துக்கு அது ஒன்று உண்டு.

காரில் வந்தால் என்3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாயில் மூடுபனியும் லாரிகளும் சேர்ந்து வரும், இருட்டுவதற்கு முன்பே தாண்டிவிடுங்கள். டர்பனுக்கு 80 கிலோமீட்டர் முன்னால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் அங்கேதான். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காந்தியின் போராட்டத்தில் சேர்ந்த தில்லையாடி வள்ளியம்மையை அடைத்துவைத்த சிறையும் அந்த ஊரில்தான் என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்த பெண், 1914 பிப்ரவரி 22-ல் இறந்துபோனாள். பதினாறு வயது. சமாதி உங்கள் ஜோகன்னஸ்பர்க்கில், பிராம்ஃபான்டைன் கல்லறையில். இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது போனீர்களா?

கேள்வி: பிரிட்டோரியாவிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எட்டு வயதும் ஐந்து வயதும். டர்பன் கடலில் சுறா இருக்கிறது என்கிறார்களே, இறங்கலாமா?

பதில்: இறங்கலாம் மகளே. நகரக் கடற்கரைகளில் சுறாவுக்கு வலை போட்டிருக்கிறார்கள், உயிர்காப்பாளர்களும் நிற்கிறார்கள். அவர்கள் நட்ட இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளிக்க வையுங்கள். எனக்குச் சுறாவை விட நீரின் இழுப்புதான் பயம். முழங்கால் ஆழத்திலேயே பிள்ளையைப் புரட்டிவிடும். கனமழை பெய்த மறுநாள் கழிவுநீர் கலந்திருக்கும், அன்று வேண்டாம்.

குளிக்காவிட்டாலும் நடங்கள். தெற்கே உஷாக்கா மீன்காட்சியகத்தில் ஆரம்பித்து வடக்கே உம்கேனி ஆறு கடலில் சேரும் இடம் வரை நடைபாதை போகிறது. கோடையில் ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடும். அந்த நேரத்தில் கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கும் சூலு இனப் பெண்களையும், சூரியனைப் பார்த்துக் கும்பிடும் நம் ஆட்களையும் ஒரே மணலில் பார்க்கலாம். செல்போனைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.

நான் ஏன் நடக்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் பிள்ளைகள் வயதில் எனக்கு அது முடியவில்லை. நல்ல மணல் முழுக்க வெள்ளையர்களுக்கு. எங்களுக்கு ஒரு துண்டு ஒதுக்கியிருந்தார்கள். பலகையைத் தாண்டி ஓடிய என் தம்பியை அப்பா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இப்படி இனவாரியாக இடத்தைப் பிரிக்க 1953-ல் போட்ட சட்டத்தை 1990-ல்தான் எடுத்தார்கள். அப்பா அதற்குள் போய்விட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை நடக்கிறேன்.

கேள்வி: அம்மா சுத்த சைவம். டர்பனில் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: ஊர் முழுக்கக் கிடைக்கும். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவில் "குவார்ட்டர் பீன்ஸ்" என்று கேளுங்கள், கால் ரொட்டியில் பீன்ஸ் குழம்பு வரும். கையால்தான் சாப்பிட வேண்டும், குடைந்து எடுத்த ரொட்டித் துண்டிலிருந்து ஆரம்பியுங்கள். சமைப்பதாக இருந்தால் வார்விக்கில் உள்ள காலைச் சந்தைக்குப் போங்கள். அங்கே கீரைக்கு "ஹெர்ப்ஸ்" என்று பெயர். சேப்பங்கிழங்கு வேண்டுமென்றால் "மடும்பி" என்று கேட்க வேண்டும், சூலுக்காரர்களிடம் நாங்கள் எடுத்துக்கொண்ட சொல்.

கேள்வி: காண்டாமிருகம் பார்க்க குரூகர் தேசியப் பூங்கா வரை போக வேண்டுமா?

பதில்: வேண்டாம். வடக்கே மூன்று மணி நேரத்தில் ஷ்லுஷ்லுவே–இம்ஃபொலோசி. 1895-லேயே காப்பகமான காடு. வெள்ளைக் காண்டாமிருகம் அழியாமல் பிழைத்ததே அங்கேதான். அங்கிருந்து செயின்ட் லூசியா பக்கம், படகில் போனால் நீர்யானைகள்.

கேள்வி: ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி நேட்டாலுக்கு (டர்பன் பகுதிக்கு அப்போதைய பெயர்) போனவர் திரும்பவே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். பிப்ரவரியில் டர்பன் வருகிறேன். அவரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் ஆயாவின் அம்மாவும் வட ஆற்காட்டுக்காரிதான்.

முதலில் உஷாக்கா பக்கத்துக் கரையில் நின்று கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பாருங்கள். சென்னையிலிருந்து 342 பேரோடு வந்த ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ல் இதே துறைமுகத்துக்குத்தான் வந்தது. ஆள் அனுப்புவதை 1911-ல் நிறுத்தும் வரை 1,50,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், ஐந்து வருட ஒப்பந்தம், அதிகமும் கரும்புத் தோட்டம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பதிவு செய்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டெர்பி தெருவில் உள்ள 1860 பாரம்பரிய மையத்துக்கும் போங்கள். என் கொள்ளுப்பாட்டியை நான் கண்டுபிடித்த அன்று அந்த வரியில் "வயது 19, இடது புருவத்தில் தழும்பு" என்று இருந்தது. என் ஆயாவுக்கே தெரியாத தழும்பு.

கையோடு கொண்டுவர வேண்டியது: அவர் பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, அவர் கப்பலேறிய வருடம் ஏறக்குறையவாவது. பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி மூன்சாமி ஆகியிருக்கும். முதலியார் மூட்லி, படையாட்சி படையாச்சி, கவுண்டர் கோவெண்டர். பல வீடுகளில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள்.

அப்புறம், காகிதத்தோடு நின்றுவிடாமல் கோயில்களுக்கு வாருங்கள். கேட்டோ மேனரில் அம்பலவாணர் ஆலயம் இருக்கிறது. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனபோது தப்பிய கதவுகளை அங்கே பார்க்கலாம். நான் அந்தக் கதவைத் தொடாமல் உள்ளே போனதில்லை. வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்பில் ஒரு காலத்தில் சுற்றிலும் கரும்பு. அங்கே மாரியம்மனுக்குப் பெரிய வெள்ளி அன்றுதான் கூட்டம், தோட்ட முதலாளி விடுமுறை கொடுத்தது அந்த நாட்களில்தான் என்பதால். வயதானவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் ஆரணி என்று சொல்லிப் பாருங்கள். தமிழில் பதில் வராமல் போகலாம், ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வருவதற்கு ஒரு மாதம் முன்பே விவரங்களை இந்த இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். பட்டியலில் தேட நானும் கூட வருகிறேன்.