ஃபாடோவில் ஏன் நடனம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த, ஸ்பானிய இயக்குநர் கார்லோஸ் சவுராவின் 'ஃபாடோஸ்' (2007) படத்தைப் பார்த்தேன். போர்ச்சுகலின் ஃபாடோ பாடல் மரபைப் பற்றிய படம் அது. ஃபாடோ என்றால் மங்கிய வெளிச்சத்தில், கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் அசையாமல் நின்று பாடுவது என்றே எண்ணியிருந்தேன். படத்திலோ பாட்டுக்குப் பாட்டு ஆடுகிறார்கள்; கதையும் இல்லை, விளக்கவுரையும் இல்லை. போர்ச்சுகலின் இசையை ஒரு ஸ்பானியர் தன் நாட்டு ஆடல்பாடலான ஃபிளமெங்கோவாக்கிவிட்டார் என்று தோன்றுகிறது. சரிதானா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்களை உறுத்திய அந்த நடனம்தான் படத்தின் வாதமே. ஃபாடோ என்ற பெயர், லிஸ்பனில் பாடும் முறையொன்றைக் குறிக்கத் தொடங்குவதற்கு முன்பே பிரேசிலில் ஓர் ஆட்டத்தின் பெயராக வழங்கியது; 1822இல் வெளியான தன் நூலில் புவியியலாளர் பால்பி அதைப் பிரேசில் நாட்டு ஆடல்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். நெப்போலியனின் படைக்கு அஞ்சி 1807இல் கப்பலேறிய போர்ச்சுகல் அரசவை, பிரேசிலின் ரியோவில் ஆண்டுக்கணக்கில் தங்கி 1821இல்தான் நாடு திரும்பியது. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் லுண்டு ஆட்டத்துக்கு உறவான இந்த ஆடல், அக்காலக் கப்பல் போக்குவரத்தின் வழியே லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கி, அல்ஃபாமா, மோராரியா போன்ற எளியவர்களின் குடியிருப்புகளில் பாட்டாக நிலைத்தது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். மாற்றுக் கருத்துகளும் உண்டு. சவுரா முதலில் சொன்ன விளக்கத்தின் பக்கம் நிற்கிறார்.

நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் அசையாத ஃபாடோ, பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். 1927இல் வந்த சட்டம் பாடகர்களுக்குத் தொழில் உரிமத்தையும் பாடல்வரிகளுக்கு முன்தணிக்கையையும் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஃபாடோ, அதற்கெனவே அமைந்த விடுதிகளுக்குள் ஒழுங்குபட்டது. பாடகி அமாலியா ரோட்ரிகஸ் போன்ற மேதைகள் அந்த வடிவத்தில்தான் பாடினார்கள் என்பதால் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதுவே தொன்மையானது என்று கொள்வதற்கில்லை.

தீவு நாடான கேப் வெர்டேவின் பாடகி செசாரியா எவோராவும் பிரேசிலின் பாடகர்கள் கயட்டானோ வெலோசோவும் சிக்கோ புவார்க்கியும் படத்தில் இடம்பெறுவதற்கு இந்தக் கடல்வழியே காரணம். புவார்க்கியின் 'ஃபாடோ ட்ரோபிக்கல்' ஒலிக்கையில் போர்ச்சுகலில் சர்வாதிகார ஆட்சியை வீழ்த்திய 1974 ஏப்ரல் 25 புரட்சியின் ஆவணக் காட்சிகள் வருகின்றன. விளக்கவுரை இல்லாமலேயே வரலாறு பேசிவிடுகிற இடம் அது. மெக்சிகோவின் பாடகி லீலா டௌன்ஸ் எதற்கு வருகிறார் என்பதற்குத்தான் அந்த வாதத்துக்குள் விடை இல்லை. அவருடைய குரல் எனக்குப் பிடிக்கும், அது வேறு.

ஃபிளமெங்கோ குறித்த உங்கள் புகாரில் பாதி நியாயம் உண்டு. மொசாம்பிக்கில் பிறந்த ஃபாடோ பாடகி மரீசாவோடு ஃபிளமெங்கோ பாடகர் மிகேல் பொவேடா இணையும் பாடலில் இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று கூர்மையாக்குவதற்குப் பதிலாக மழுங்கடிக்கின்றன. வேறு சில இடங்களில் நடன அமைப்பு வெறும் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது. ஆனால் இறுதிப் பகுதியில், ஃபாடோ விடுதி போன்ற அரங்கில், மூத்தவர்களும் இளையவர்களும் மாறி மாறிப் பாட, 12 கம்பிகள் கொண்ட போர்ச்சுகீசிய கிட்டார் குரலுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே போகிறதே, அங்கே யாரும் ஆடுவதில்லை. படத்தில் பாடியிருக்கும் கார்லோஸ் டோ கார்மோ, லிஸ்பனில் ஃபாடோ விடுதி நடத்திய பாடகி லூசிலியா டோ கார்மோவின் மகன்; மரபை உள்ளிருந்து அறிந்தவர். இந்தப் படத்தில் அவர் பாடிய பாடலுக்கு ஸ்பெயினின் கோயா திரைப்பட விருதும் கிடைத்தது.

மறுமுறை பார்ப்பதாக இருந்தால் அந்த விடுதிப் பகுதியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். நடனங்களில் எவை வாதம், எவை அலங்காரம் என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

அன்புடன்.