மலைப் பள்ளிகளில் அவசரநிலை ஒத்திகை: குழந்தை பயப்படுகிறாள் என்றால் என்ன செய்வது?

குன்னூரில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், பள்ளியில் நடந்த தீ விபத்து ஒத்திகைக்குப் பிறகு இரவில் தூக்கத்தில் அழுகிறாள் என்றும், இனி அவளை இத்தகைய பயிற்சிகளிலிருந்து விலக்கி வைக்கும்படி பள்ளியைக் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விலக்கி வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக, அந்த ஒத்திகை மலைச்சரிவில் நிற்கும் ஒரு பள்ளிக்குப் பொருந்தும் வகையில் நடக்கிறதா என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கோத்தகிரிப் பகுதியின் நடுநிலைப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பயத்தைப் பற்றி. மணி அலறுகிறது, ஆசிரியர்கள் கத்துகிறார்கள், எல்லாரும் ஓடுகிறார்கள், பிறகு எதுவும் நடக்காதது போல வகுப்பு தொடர்கிறது என்றால் எட்டு வயதுக் குழந்தை பயப்படத்தான் செய்யும். என்ன நடந்தது, தான் சரியாகச் செய்தோமா என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு, நடந்தே வெளியேறி, முடிந்ததும் உட்கார வைத்துப் பேசினால் குழந்தைகள் மிக விரைவில் தெளிந்துவிடுவார்கள். சிறு வகுப்புகளுக்குப் பேரிடர்க் காட்சிகளைப் போட்டுக் காட்டும் வழக்கத்தை மட்டும் நான் முற்றிலும் எதிர்க்கிறேன். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு நேர்ந்தபோது, அதன் காட்சிகள் கைப்பேசிகள் வழியாக இங்குள்ள பிள்ளைகளின் கண்களுக்கும் வந்து சேர்ந்தன. என் அண்டை வீட்டுச் சிறுவன் அந்தப் பருவமழை முடியும் வரை ஜன்னலோரம் படுக்க மறுத்தான். அவனுக்குத் தேவைப்பட்டது மழை வலுத்தால் தான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற ஒரு சொல். கிடைத்ததோ மீண்டும் மீண்டும் ஒரே காட்சி.

எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் நம் ஊர்ப் பள்ளிகளில் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. சமவெளியில் எழுதப்பட்ட ஒத்திகை முறைகளில், மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து மைதானத்தில் கூடுவார்கள். தீக்கு அது சரியே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகி இறந்ததற்குக் கூரையின் கீற்றும் குறுகிய மாடிப்படியும் பெருங்காரணங்களாக இருந்தன. தீ என்றால் தாமதிக்காமல் வெளியேறுவதே முதற்பாடம். ஆனால் மலையில் மைதானம் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சரிவை வெட்டிச் சமன் செய்துதான் மைதானம் உண்டாக்கியிருப்பார்கள்; அதன் ஒரு பக்கம் வெட்டிய மண்மேடும் தடுப்புச் சுவரும், மறுபக்கம் பள்ளமும் இருக்கும். விடாமல் மழை பெய்யும் நாளில் எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுபோய் அந்தச் சுவரின் அடியில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது!

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி வந்தபோது, ஓகாவா தொடக்கப் பள்ளியின் பிள்ளைகள் ஏறக்குறைய ஐம்பது நிமிடங்கள் பள்ளி வளாகத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை இருந்தும், எங்கே போவது என்ற முடிவு எட்டப்படாமல் நேரம் கடந்தது. 74 பிள்ளைகளின் உயிர் போயிற்று. அதே நாளில் கமாய்ஷி என்ற ஊரில், பயிற்சி பெற்றிருந்த நடுநிலைப் பள்ளி மாணவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஓடினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த இடத்தின் பின்புறச் சரிவு பெயர்ந்திருந்தது தெரிய வந்ததும், அங்கே நிற்காமல் இன்னும் மேலே போய்ப் பிழைத்தார்கள். குறித்து வைத்த இடமே ஆபத்தாகலாம் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பதை நம் ஆசிரியர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே மலைப் பள்ளியில் ஒரே ஓர் ஒத்திகை போதாது, ஒரே மணியும் போதாது. தீ என்றால் வெளியே வர வேண்டும். காட்டு மாடோ கரடியோ சிறுத்தையோ வளாகத்துக்குள் வந்துவிட்டால், அல்லது தேனீக் கூட்டம் கலைந்து வந்தால், உள்ளே போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டும். மேட்டிலிருந்து மண் இறங்கும் அறிகுறி தெரிந்தால் சரிவின் பாதையைவிட்டுப் பக்கவாட்டில் விலக வேண்டும்; வெளியேற வழியில்லாவிட்டால் மேட்டை ஒட்டிய அறைகளை விட்டு எதிர்ப்புறத்துக்கோ மாடிக்கோ போக வேண்டும். மூன்றும் வெவ்வேறு திசைகள் என்பதால், மூன்றுக்கும் வெவ்வேறு ஒலி இருக்க வேண்டும். மழை நாளில் மின்சாரம் முதலில் போய்விடும். மின்மணியை நம்பிப் பயனில்லை. பழைய பள்ளிகளில் தொங்கும் தண்டவாளத் துண்டும் ஒவ்வோர் ஆசிரியர் கழுத்திலும் ஒரு விசிலும் போதுமானவை.

மண்சரிவு நமக்குப் புதிதன்று. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது; அந்த மழையில் மாவட்டம் முழுவதும் நேர்ந்த சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அதே அளவு மழை ஒரே நாளில் கொட்டியது. கூடலூர், பந்தலூர், குந்தா பகுதிகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரி பகுதிகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் கவலையான மாதங்கள். உங்கள் மகளின் பள்ளியில் மண்சரிவு ஒத்திகை செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும்.

அறிகுறிகளைக் கவனிக்கும் பொறுப்பை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் அதை எவ்வளவு அக்கறையோடு செய்வார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்காக விட்ட துளைகளைக் காலையில் போய்ப் பார்ப்பார்கள். தெளிந்த நீர் வடிந்தால் நல்லது. கலங்கிய செம்மண் நீர் வந்தாலும், வெளியே மழை கொட்டும்போது துளை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் வராமல் சுவர் வெளிப்பக்கம் உப்பியிருந்தாலும் உடனே தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும். மேட்டில் புதிதாக விரிசல் தெரிவது, நேற்று வரை நேராக நின்ற மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, வகுப்பறைக் கதவு திடீரெனச் சட்டத்தில் இறுகுவது ஆகியவற்றையும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்பே கவனித்துவிடுவார்கள். இப்படி ஒரு வேலை கையில் இருக்கும் பிள்ளைக்கு மழையைக் கண்டு நடுக்கம் குறைகிறது.

ஒத்திகையின்போது நான் கண்ட ஒரு செய்தி பெற்றோருக்கு உதவும். இரண்டாம் வகுப்பு வரிசை வெளியேறிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி கையை உதறிவிட்டு வராந்தாவுக்குத் திரும்பி ஓடினாள். அங்கே சுவரோரம் விரித்து வைத்திருந்த குடைகளுக்கு நடுவே தன் பூப்போட்ட குடையை மடக்க முயன்றுகொண்டிருந்தாள். கம்பி மாட்டிக்கொண்டு மடங்கவில்லை. கேட்டபோது, “குடையைத் தொலைச்சா அம்மா அடிப்பாங்க சார்” என்றாள். அவளை எந்த ஆசிரியராலும் மாற்ற முடியாது. அவளுடைய அம்மாவால்தான் முடியும். எனவே இன்றே உங்கள் மகளிடம், பை, குடை, செருப்பு, சாப்பாட்டு டப்பா எது போனாலும் நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன், நீ வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். தீ அல்லாத சமயத்தில் ஸ்வெட்டரை மட்டும் போட்டுக்கொண்டு வரச் சொல்லலாம். நம் ஊர்க் குளிரில் நனைந்த குழந்தை வெகுநேரம் தாங்காது.

மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு: உங்கள் முழுப்பெயர், கைப்பேசி எண், வீடு இருக்கும் இடம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயன் வீட்டின் எண் ஆகியவையும் சேர வேண்டும். 112, 108, குழந்தைகளுக்கான 1098, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைச் சொல்லிக் கொடுப்பதோடு, யாராவது எடுத்தால் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும், பிறகுதான் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதையும் வீட்டில் விளையாட்டாகப் பழக்குங்கள். இணைப்பு பாதியில் அறுந்தாலும் இடம் தெரிந்திருந்தால் உதவி கிளம்பிவிடும்.

பெற்றோர் பக்கம் ஒரு கடினமான கட்டுப்பாடும் இருக்கிறது. செய்தி கேட்டதும் எல்லாரும் ஜீப்பிலும் பைக்கிலும் பள்ளியை நோக்கி விரைவார்கள். சரிவு விழுந்துகொண்டிருக்கும் சாலையில் அது பெரும் ஆபத்து. சாலை அறுந்தால் பிள்ளைகள் இரவு முழுவதும் பள்ளியிலேயே தங்க நேரலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு வேண்டிய அரிசி, பருப்பு, குடிநீர், கம்பளி, டார்ச் ஆகியவை பள்ளியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நீங்கள் வர முடியாவிட்டால் யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு யார் துணை என்பதும் முன்பே பெயர் குறித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கூட்டத்தில் இன்னும் ஒன்றை வலியுறுத்துங்கள். வெயில் நாளில், எல்லா ஆசிரியர்களும் இருக்கும்போது நடத்தும் ஒத்திகை பாதிப் பயிற்சிதான். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியில் ஒரு முறையும், தலைமையாசிரியர் ஊரில் இல்லாத நாளில் ஒரு முறையும் நடத்தச் சொல்லுங்கள். மணியை அடிக்கும் அதிகாரம் அன்று யாருக்கு என்பது சத்துணவுக்கூட ஆயா உட்பட எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.