புது ஏர் ரைஃபிள்: முதலில் புகை, இப்போது வேகமே இல்லை

தக்கலை அண்ணே, வாங்கிய ஒரு வாரத்தில், முதலில் புகையும் வெடிச்சத்தமும் வந்தது, இப்போது பத்து மீட்டரிலேயே பெல்லட் (சிறு குண்டு) தாழ்ந்து போகிறது என்று கேட்டிருந்தீர்கள். பேரலை (குழலை) மடக்கி லோடு செய்கிற ஸ்பிரிங் வகை என்பதால் சொல்கிறேன்.

புகை பெரிய விஷயமில்லை. கம்பெனியில் பூசிய எண்ணெய் காற்றழுத்தச் சூட்டில் எரிவதுதான், கொஞ்ச நாளில் அடங்கிவிடும். நீங்களாக ஏதும் எண்ணெய் விட்டீர்களா? நம்ம ஊரில் கதவுக் கீல் வரைக்கும் தேங்காய் எண்ணெய்தானே. நானும் அப்படி விட்டுத்தான் ஒரு பிஸ்டன் சீலை (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனின் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் பாகம்) கெடுத்தேன். மழைக்காலத் துருவுக்கு வெளி இரும்பை மட்டும் கன் ஆயில் தொட்ட துணியால் துடையுங்கள்.

இப்போது வேகம். பேரல் மடங்கும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். பெல்லட் போட்டு, அந்த மூட்டின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு வைத்து, பாதுகாப்பான திசையில் சுடுங்கள். பேப்பர் பறந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. வாஷர் மாற்றினால் போதும். அசையவே இல்லையென்றால் பிஸ்டன் சீல் அல்லது ஸ்பிரிங் மேல்தான் சந்தேகம். பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்த்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். தடுக்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதும்.

அப்புறம், உள்ளே மட்டும் பிரிக்காதீர்கள். லோடு செய்யாதபோதும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும், தெறித்தால் முகம் போய்விடும். பில்லை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கடைக்கே போங்கள்.