ஆடு குட்டி வீசியதை டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் ஆடு வளர்க்கிறோம். அப்பாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, டைபாய்டு மருந்தும் கேட்கவில்லை. ஆடு மாடுகளிடமிருந்து தொற்றுகிற க்யூ காய்ச்சலாக இருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

உங்கள் பட்டியில் சமீபத்தில் ஏதாவது ஆடு குட்டி போட்டிருக்கும், இல்லை குறைமாதத்தில் குட்டி வீசியிருக்கும். அப்பாதான் நஞ்சுக்கொடியை எடுத்துப் போட்டிருப்பார். அதை டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். சரிதானே?

தேவிபட்டினம் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒரு கிடை ஆடு உண்டு. ஒரு மார்கழியில் சினை ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசின. எல்லாம் வெறுங்கையால்தான் அள்ளினார். தொட்டால்தான் க்யூ காய்ச்சல் வரும் என்றில்லை, காய்ந்த நஞ்சுக்கொடியின் தூசி மூச்சில் போனாலே போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து அனலாய்க் காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி, பாய் நனைகிற வியர்வை. வைடால் என்கிற டைபாய்டு ரத்தச் சோதனை லேசாகக் காட்டியதும் டைபாய்டு என்று முடிவுகட்டி செப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். காய்ச்சல் மசியவே இல்லை. செல்லுக்குள் புகுந்து வாழும் இந்தக் கிருமியிடம் அந்த ஊசி எடுபடாது.

அப்புறம் ராம்நாட்டில் ஒரு இளம் டாக்டரம்மா எக்ஸ்ரேயில் நிமோனியாவையும் ஈரல் என்சைம் ஏறியிருப்பதையும் பார்த்துவிட்டு, "ஐயா, வீட்ல ஆடு மாடு உண்டா?" என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 14 நாளுக்கு. ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது, ஆனால் முடிவுக்காக அவர் காத்திருக்கவில்லை. முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அப்போது கிருமியின் மரபணுவைத் தேடுகிற பிசிஆர் சோதனையில் அது பிடிபடலாம். 3 முதல் 6 வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, 'ஃபேஸ் 2 ஐஜிஜி' என்கிற எதிர்ப்பொருள் முதல் ரத்தத்தில் இருந்ததைவிட நான்கு மடங்காகியிருந்தால் க்யூ காய்ச்சல் உறுதி. சித்தப்பாவுக்கு அந்த முடிவு வந்தபோது அவர் மேய்ச்சலுக்கே போக ஆரம்பித்திருந்தார்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரை பெயரைப் பொதுவில் சொல்லலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். வாங்கிச் சாப்பிடச் சொல்லவில்லை, டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன். புதரில் இருக்கிற சின்னப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் கூட இப்படித்தான் படுத்தும், அதற்கும் இதே மாத்திரைதான். ஆட்டையும் நான் பழிக்கவில்லை, எங்கள் வீட்டில் அடுப்பெரிந்ததே ஆட்டால்தான்.

எரிச்சல் வேறு இடத்தில். அந்த வருஷம் செத்த தாய் ஆடுகளுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடையாது என்றுவிட்டார்கள். காரணம், காதில் மாட்டுகிற அடையாள வில்லை இல்லையாம். சீமைக்கருவேல முள்ளுக்குள் மேய்கிற ஆட்டுக்குக் காதே கிழிகிறது, வில்லை எங்கே நிற்கும்? கேட்டால் விதி என்கிறார்கள்.

சரி, உங்கள் அப்பாவுக்கு இதய வால்வில் கோளாறு ஏதும் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிருமி அங்கே தங்கிவிட்டால் டாக்ஸிசைக்ளினோடு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையும் சேர்த்துக் குறைந்தது 18 மாதம் சாப்பிட வேண்டிவரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், ஆடு குட்டி போடும்போது பட்டிப் பக்கமே விட வேண்டாம்.