மஞ்சப்பையில் ஆறு புத்தகங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தார். மஞ்சப்பையில் தலைமைப் பண்பு பற்றி ஆறு புத்தகங்கள். "இவ மாமா வாங்கிக் கொடுத்தது சார். எம்பிஏ சேரணும்னா இதெல்லாம் படிக்கணுமாம். தொடவே மாட்டேங்கிறா, பயமா இருக்கு."

மகள் பி.காம் கடைசி வருஷம். அவள் படிப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கிய சமூக உளவியல் பாடநூல். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்ட சோதனை இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். எந்தக் கோடு சம நீளம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் பேசிவைத்துத் தப்பாகச் சொல்ல, முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாள்: "எங்க மெஸ் கமிட்டி!"

அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: பயப்பட ஒன்றுமில்லை சார். அந்த ஆறையும் மாமாவிடமே கொடுத்துவிடுங்கள். ஜெயித்தவர்தான் புத்தகம் போடுகிறார். அதே வழியில் போய்த் தோற்றவர் எழுதுவதில்லை. தலைமையைப் பற்றியேகூட அவள் புத்தகத்தில்தான் சரக்கு இருக்கிறது. உளவியலாளர் கர்ட் லெவின் குழுவினர் 1939-ல் பத்து வயதுப் பையன்களை வைத்துப் பார்த்தார்கள்: அதட்டி வேலை வாங்கியவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது.

எம்பிஏ பற்றி மாமா சொல்லியிருப்பார். அதற்காக வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவது மட்டும் கூடவே கூடாது.

எம்.ஏ. உளவியலைப் பாருங்கள். முன்பு இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூர வழியில் இருந்தது. 2025 முதல் உளவியலை அப்படி நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது, அதனால் நேரடி வகுப்பு நடத்தும் கல்லூரியைத் தேடுங்கள். பி.காம் முடித்தவரைச் சேர்ப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.  இக்னோவின் முதல் வருஷச் சமூக உளவியல் தாளில் குழு இயக்கத்துக்கென்றே, அதாவது கூட்டமாகச் சேரும்போது மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதற்கென்றே, ஒரு தொகுதி இருந்தது. இரண்டாம் வருஷம் மருத்துவம், ஆலோசனை, தொழில்-நிறுவனம் என மூன்று பிரிவு இருந்தது. சேரும் கல்லூரியில் அந்த மூன்றாவது பிரிவு இருந்தால் அவள் அதையே எடுக்கட்டும். புராஜெக்டுக்குப் பெங்களூர் போக வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் மாறினால் தையல் லைனின் வேகம் ஏன் மாறுகிறது என்று பார்த்தாலே போதும்.  கேம்பஸில் வேலை வந்து நிற்காது, தேடிப் போக வேண்டும். முடித்தபின் உளவியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதும் வழியும் உண்டு.

இக்னோவின் பாடங்கள் அதன் இ-ஞான்கோஷ் இணையதளத்தில் இலவசம். பணம் கட்டும் முன் அந்தக் குழுத் தொகுதியை ஒரு வாரம் படிக்கட்டும். பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் வேறு பார்ப்போம். அடுத்த முறை நீங்கள் இருவர் மட்டும் வாருங்கள், மாமா வேண்டாம்.