கேத்தலுக்குள் ஒரு பாடம்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கத்தில் தரம் 8க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். "கேள்வி இருக்கா?" என்றால் எல்லோரும் குனிந்து கொப்பியைப் பார்க்கிறார்கள். ஒருவர் தொடங்கிவிட்டாலோ 40 நிமிடமும் அதிலேயே போய்விடுகிறது. பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது?

பதில்: முதலில் அந்தக் "கேள்வி இருக்கா?"வை விடுங்கள் ரீச்சர். மணி அடிக்கப்போகும் நேரத்தில் அதற்கு "இல்லை" என்பதைத் தவிர என்ன பதில் வரும்?

வீட்டிலிருந்து பழைய கேத்தல் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். வன்னியில் பல கிணறுகளில் வன்னீர்தானே (கல்சியம் போன்ற உப்புகள் கூடுதலாகக் கரைந்த தண்ணீர்), உள்ளே வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். தண்ணீர் கொதிக்கும்போது படிகிற கல்சியம் காபனேற்று அது. ஆனால் இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பெயர் போடாத துண்டுக் கடதாசியில் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொல்லுங்கள். கூச்சம் பாதி போய்விடும்.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வெளிக்கிட்டால் நேரம் போய்விடும். வகுப்பிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுங்கள், மற்றவை சுவரில் தொங்கட்டும். "ஏன் வருகிறது?" என்பதைச் செய்து பார்க்க முடியாது. "மழைத் தண்ணீரிலும் வருமா? இரணைமடு வாய்க்கால் தண்ணீரில்?" என்று மாற்றினால் முடியும். இந்த மாற்றத்தில்தான் நம்முடைய வேலை இருக்கிறது.

ஒரே அளவு போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்துத் தண்ணீர் ஒரே அளவில், ஒரே அளவு சவர்க்காரச் சீவல். 20 தடவை குலுக்கி, நுரையை அடிமட்டத்தால் அளக்கட்டும். வன்னீரில் நுரை குறையும். நான் முதல் தடவை செய்தபோது அவசரத்தில் சலவைத்தூளைப் போட்டுவிட்டேன், எல்லாப் போத்தலிலும் நுரை பொங்கியது. வெட்கமாகப் போய்விட்டது. பின்வாங்கில் இருந்தவன், "அப்ப சவுக்காரத்துக்கும் பவுடருக்கும் என்ன வித்தியாசம் சேர்?" என்றான். சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து கசடாகிவிடும், சலவைத்தூள் அப்படி ஆகாது. அடுத்த பாடவேளைக்கு நான் ஆயத்தம் செய்யவே தேவைப்படவில்லை.

இன்னொன்று. கேட்டுவிட்டுப் பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளும், கேள்வியும் கூடும் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டினார். அந்த 3 விநாடி நமக்கு மூன்று மணித்தியாலம் மாதிரித்தான் இருக்கும்!

கேத்தலைத் திருப்பிக் கொண்டுபோக முன் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டுப் பாருங்கள். குமிழி வரும். என்ன வாயு என்று யாராவது கேட்டால், அடுத்த நாள் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரோடு போங்கள்.