அறிவியலா, தரவா, எழுத்தா: மகளின் விருப்பம் குறித்து ஒரு தாய்க்குப் பதில்

தங்கள் மகளுக்கு உயிரியலும் கணக்கும் ஒருசேரப் பிடித்திருக்கின்றன, அறிவியல் கட்டுரைகள் எழுதவும் ஆசைப்படுகிறாள், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் வீணாகிவிடுமோ என்று கவலையுடன் கேட்டிருந்தீர்கள். வீணாகாது. ஆனால் எதை முதலில் கற்பது, எதைப் பின்னர் சேர்ப்பது என்ற வரிசையில் கவனம் வேண்டும்.

பட்டப்படிப்பில் ஏதேனும் ஓர் அறிவியல் துறையை ஆழமாகக் கற்கட்டும். புள்ளியியலை அதற்கு இணையான பாடமாகவே எடுத்துக்கொள்ளட்டும். இந்த இரண்டும் சேரும்போது என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவின் மேரி தார்ப்பின் பணியைச் சொல்வேன். நிலவியலும் (பாறைகளையும் நில அமைப்பையும் ஆராயும் துறை) கணிதமும் படித்திருந்த அவர், 1948 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கடல்தள ஆய்வில் ஈடுபட்டார். ஆய்வுக் கப்பல்களில் பெண்களை ஏற்றாத காலம் அது. ஆகவே, அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே சென்ற கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவீடுகளை அவர் கரையிலிருந்தபடியே வரைபடமாக்கினார். கடலடி மலைத்தொடரின் நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு நீண்டு செல்வதை 1950-களின் தொடக்கத்தில் கண்டார். அங்கே கடல்தளம் பிளந்து விலகுகிறது, அதாவது கண்டங்கள் நகர்கின்றன என்பதற்கு அது அறிகுறி. அக்கருத்தைப் பெரும்பாலோர் ஏற்காத நாள்களில், உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசனே முதலில் அவரது முடிவை மறுத்தார். நிலநடுக்க மையங்களைக் குறித்த வரைபடத்தை அதனுடன் பொருத்தி, அவை அந்தப் பள்ளத்தாக்கை ஒட்டியே அமைந்திருப்பதைப் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார். எண்களைக் கையாளத் தெரிந்ததோடு, பாறையும் நிலமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதும் தெரிந்திருந்ததால்தான் தார்ப்புக்கு அந்தப் பள்ளம் பிழையாகத் தோன்றவில்லை.

திரட்டிய தகவல்களைக் கணக்கும் கணினியும் கொண்டு ஆராயும் துறைக்கு, தரவு அறிவியல் என்ற பெயரிலேயே பட்டப்படிப்புகள் இன்று நிறைய இருக்கின்றன. அவற்றில் சேர்வதானால், நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், ஆய்வு வடிவமைப்பு ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். பைத்தான், ஆர் போன்ற கணினி மொழிகளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ள முடியும். ஒரு தரவு யாரிடமிருந்து திரட்டப்பட்டது, யார் விடுபட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் அத்தனை விரைவில் வருவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: தூக்க மருந்தான சோல்பிடெமின் பரிந்துரை அளவை 2013-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கு மட்டும் பாதியாகக் குறைத்தது. பெண்களின் உடலிலிருந்து அம்மருந்து மெதுவாக வெளியேறுவதால், வாகனம் ஓட்டுவதற்கு ஆபத்தான அளவு மறுநாள் காலையிலும் இரத்தத்தில் எஞ்சியிருக்கலாம் என்பதே காரணம். அம்மருந்து சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னரே இந்த மாற்றம் நிகழ்ந்தது. இத்தகைய கேள்விகளை உரிய நேரத்தில் எழுப்பக்கூடியவர்கள் ஆய்வுக் குழுவில் இருப்பது எவ்வளவு அவசியம் என்பதைத் தங்கள் மகள் இப்போதே அறிந்திருப்பது நல்லது.

அறிவியல் எழுத்தைப் பொறுத்தவரை, ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன்: அதில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, தனித்து எழுதுவோரின் வருமானம் சீராக இருப்பதில்லை. அதற்காக அந்த ஆசையைக் கிள்ளிவிட வேண்டியதில்லை. 1932-இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ரேச்சல் கார்சன், அமெரிக்க மீன்வளத் துறையில் வானொலி உரைகள் எழுதத் தொடங்கி, அங்கேயே உயிரியலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, எழுத்து கைகொடுக்கும் என்று உறுதியான பின்னரே 1952-இல் அரசுப் பணியை விட்டார். பூச்சிக்கொல்லிகள் குறித்து 1962-இல் அவர் வெளியிட்ட நூலை வேதித்தொழில் நிறுவனங்கள் கடுமையாகத் தாக்கியபோது, அவர் திரட்டி வைத்திருந்த சான்றுகளே அவருக்குத் துணைநின்றன.

பெண் என்பதால் தடைகள் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரும்; குறிப்பாக, குறுகிய கால ஒப்பந்தங்களில் ஓடும் ஆய்வுப் பணியும் குழந்தைப் பேற்றுக்கான ஆண்டுகளும் ஒன்றோடொன்று மோதும். எனவே முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரது புகழை மட்டும் பார்க்காமல், அவரிடம் முன்னர் பயின்ற பெண்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களுக்கு உரிய இடம் கிடைத்ததா, விடுப்பு எடுத்தவர்கள் திரும்பி வர முடிந்ததா என்று அவர்களிடமே தங்கள் மகள் கேட்டறிய வேண்டும். நெறியாளர் அதை விரும்பவில்லையென்றால், வேறிடம் தேடலாம்.

பாடப்பிரிவைத் தீர்மானிக்கும் முன், இந்த விடுமுறையில் பொதுவெளியில் கிடைக்கும் ஓர் அறிவியல் தரவுத் தொகுப்பை அவள் எடுத்து, பிழைகளைத் திருத்தி, ஒரே ஒரு வரைபடம் வரைந்து, அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். அதில் எந்தக் கட்டத்தில் நேரம் போவதே தெரியாமல் அமர்ந்திருந்தாள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். பாடப்பிரிவை அதன் பிறகு பேசுவோம்.